தார் மேல் தார் - அலிப்பூர் ரோடுகளின் கதை

டிவியில் "கொல்கத்தாவில் இன்று வெப்பம் இத்தனை டிகிரி" என்று சொல்கிறார்களே, அது உண்மையில் எங்கள் பேட்டையின் வெப்பம். நகரத்தின் வானிலை ஆய்வு மையம் அலிப்பூரில், டூயல் அவென்யூ என்ற தெருவில் இருக்கிறது. டூயல் என்றால் துப்பாக்கிச் சண்டையேதான். 1780 ஆகஸ்ட் 17-ம் தேதி வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிஸும் இங்கேதான் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். பிரான்சிஸுக்குக் குண்டடி பட்டது, பிழைத்துக்கொண்டார். தெருவுக்கு மட்டும் பெயர் நிலைத்துவிட்டது.

2024 ஏப்ரல் 30-ம் தேதி அந்த வானிலை மையம் காட்டியது 43 டிகிரி. ஏப்ரல் மாதத்தில் எழுபது வருடங்களாக இல்லாத வெயில் என்றார்கள். அன்றைக்குக் குவைத்தில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி போன் செய்து, "என்னண்ணே, எங்க ஊருக்கு வந்துட்டீங்களா" என்று கேலி செய்தான். தெர்மாமீட்டரைப் பார்த்தால் அவன் சொன்னது சரி. ஆனால் ரோட்டைப் பார்த்தால் சரியில்லை. ஒரே வெயில் குவைத்தில் தாரை ஒரு மாதிரிப் படுத்துகிறது, அலிப்பூரில் வேறு மாதிரிப் படுத்துகிறது. அது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்த நீண்ட பதிவு.

தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கணக்குத் தணிக்கை செய்பவன், ரோடு போடுபவன் இல்லை. பதினான்கு வருடமாக அலிப்பூர் வாசி. எங்கள் குடியிருப்பு மூன்று மாடி, பழைய கட்டடம். கேட்டிலிருந்து பின்பக்கக் கார் நிறுத்தம் வரை ஒரு தார்ப் பாதை. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. கணக்குப்பிள்ளை என்பதால் கொட்டேஷன்களை என் தலையில் கட்டினார்கள். வந்த மூன்று கொட்டேஷனும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னன: இருப்பதன் மேலேயே இன்னும் இரண்டு அங்குலம் போட்டுவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும். தரைத்தளத்தில் இருக்கும் மாசிமா (எழுபத்தைந்தைத் தாண்டிய வங்காள அம்மாள், தனியாக இருக்கிறார்) ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் கல்யாணமாகி வந்தபோது வாசலில் மூன்று படி இருந்தது. இப்போது ஒன்று. நீங்கள் இதைப் போட்டால் எத்தனை இருக்கும்?"

இந்தக் கேள்விக்குள் கொல்கத்தா ரோடுகளின் சரித்திரமே இருக்கிறது.

கல் இல்லாத ஊர்

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியக் கொஞ்ச நேரமாகும். கோவில்பட்டிப் பக்கம் எங்கே தோண்டினாலும் கல் வரும். ஜல்லி உடைக்காத கிராமம் உண்டா? கொல்கத்தாவில் எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான். கங்கை ஆயிரக்கணக்கான வருடமாகக் கொண்டு வந்து கொட்டிய மண்ணின் மேல் ஊர் நிற்கிறது. கூழாங்கல் கூடக் கிடையாது. அதனால் இங்கே மண்ணைச் சுட்டு செங்கல்லாக்கி, செங்கல்லை உடைத்து ஜல்லியாக்கினார்கள். அதற்குப் பெயர் 'கோயா'. (பால்கோவாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) இன்னும் பொடித்தால் 'சுர்க்கி'. கோயாவைப் பரப்பி, சுர்க்கியைத் தூவி, தண்ணீர் தெளித்து, உருளையால் அமுக்கினால் ரோடு தயார். மைதானத்தின் ரெட் ரோடு சிவப்பாக இருந்ததால்தான் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அதே ரெட் ரோட்டில் போர் விமானங்கள் இறங்கி ஏறின என்பது தனிக் கதை.

1817-ல் கல்கத்தாவில் லாட்டரி கமிட்டி என்று ஒன்று அமைத்தார்கள். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். லாட்டரிச் சீட்டு விற்ற காசில் ஊருக்கு ரோடும் குளமும் போட்ட கமிட்டி அது. இன்றைய ஸ்ட்ராண்ட் ரோடு, காலேஜ் ஸ்ட்ரீட் எல்லாம் அந்தக் காலத்து வேலைகள். அலிப்பூர் அப்போது ஊருக்கு வெளியே, ஆதி கங்கைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரப் பிரபுக்களின் தோட்ட வீடுகளாக இருந்தது. ஹேஸ்டிங்ஸின் வீடு, பெல்வெடியர் மாளிகை எல்லாம் இங்கேதான். கேட்டிலிருந்து போர்டிகோ வரை வளைந்து போகும் பாதை, இரண்டு பக்கமும் மரம், நடுவில் செம்மண் சரளை. மேற்கு மாவட்டங்களிலிருந்து வரும் அந்தச் சிவப்புச் சரளைக்கு 'மோரம்' என்று பெயர். பெல்வெடியர்தான் பிறகு தேசிய நூலகம் ஆனது, 1953-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

செங்கல் ரோட்டுக்கு இரண்டு எதிரிகள். வெயில் காலத்தில் தூசி, மழைக் காலத்தில் சேறு. தூசிக்கு மருந்து தண்ணீர். தோல் பையில் தண்ணீர் சுமந்து தெளிக்கும் பிஸ்திகள் முதலில். அப்புறம் சுத்திகரிக்காத கங்கைத் தண்ணீரைத் தனிக் குழாயில் கொண்டுவந்து தெருவோரக் குழாய்களில் விட்டு ரோட்டைக் கழுவினார்கள். பழைய தெருக்களில் சில இடங்களில் இன்றும் காலையில் அந்தக் கலங்கல் தண்ணீர் பீறிட்டு ஓடுவதைப் பார்க்கலாம்.

பிறகு ரயில் வந்தது, ரயிலில் கல் வந்தது. ராஜ்மகால் மலைகளின் கரும்பாறை, குறிப்பாகப் பாக்கூர் என்ற ஊரின் ஜல்லி (இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது). இன்றைக்கும் இங்கே எந்த காண்டிராக்டரைக் கேட்டாலும் "பாக்கூர் ஸ்டோன், சார்" என்று பெருமையாகச் சொல்வார். நம்மூரில் கருங்கல் ஜல்லி என்று தனியாக யாராவது பெருமைப்படுவார்களா? இல்லாத ஊரில்தான் அதன் அருமை.

ஒன்றை இங்கே கவனியுங்கள். பழைய ரோடு தேய்ந்தால் அதை எடுத்துவிட்டா புதியது போடுவார்கள்? செங்கல் மேல் கல், கல் மேல் இன்னொரு கல். வண்டல் மண்ணில் ரோடு எப்படியும் கொஞ்சம் அமுங்கும், தோண்டினால் தண்ணீர் ஊறும். மேலே சேர்ப்பது சுலபம், மலிவு. இந்தப் பழக்கம் தாருக்கு முன்பே வந்துவிட்டது.

தார் வந்த கதை

'தார்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு பொருள். ஒன்று நிலக்கரியை வாட்டி வாயு எடுக்கும்போது மிஞ்சும் கரித்தார். இன்னொன்று கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்கும் பிட்டுமென். கையில் தொட்டால் இரண்டும் ஒன்று போலத்தான் ஒட்டும். ஆனால் உடம்புக்குக் கரித்தார் மிகக் கெடுதல், புற்றுநோய் தரும் என்று உறுதியான பட்டியலில் இருக்கிறது. இன்று நம் ரோடுகளில் இருப்பது பிட்டுமென்.

பிட்டுமென் புதிதும் அல்ல. மொகஞ்சதாரோவின் பெரிய குளத்தில் தண்ணீர் கசியாமல் இருக்க அதைப் பூசியிருந்தார்கள். ரோட்டுக்கு அது அவசியப்பட்டது மோட்டார் கார் வந்த பிறகு. மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820-களில் பிரபலமாக்கிய முறையில், சிறு ஜல்லிகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும். நம்மூர்க் கப்பி ரோடு அதுதான். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் அது போதும். வேகமாக ஓடும் ரப்பர் டயரோ நடுவில் இருக்கும் பொடியை உறிஞ்சி எடுத்துப் பறக்கவிட்டுவிடும். பொடி போனால் ஜல்லி ஆடும், ஜல்லி ஆடினால் ரோடு போச்சு. ஆகவே ஜல்லியை ஒட்டவைக்க ஒரு பசை தேவைப்பட்டது. இங்கிலாந்தில் எட்கர் ஹூலி 1902-ல் தார் கலந்த ஜல்லிக்குக் காப்புரிமை வாங்கினார்.

இந்தியாவில் 1927-ல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் ரோடு கமிட்டி போட்டார்கள். மோட்டார் வாகனம் ஓட்டுபவர்களிடமே பெட்ரோல் மேல் வரி வாங்கி அதில் ரோடு போடலாம் என்ற யோசனை அங்கேதான் வலுப்பெற்றது. 1929-ல் மத்திய சாலை நிதி, 1934-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். தார் ரோடு எப்படிப் போட வேண்டும் என்று அன்று முதல் இன்று வரை விதி எழுதுவது அந்த அமைப்புதான். தார் முதலில் வெளிநாட்டிலிருந்து பீப்பாயில் வந்தது. பின்னாளில் நம் சுத்திகரிப்பு ஆலைகளே தர ஆரம்பித்தன: சென்னைக்கு மணலி (1969), கொல்கத்தாவுக்கு ஹால்டியா (1975). காலித் தார் டின்னைத் தட்டி நிமிர்த்திக் கூரை போட்டதும், அதிலேயே தண்ணீர் பிடித்து வைத்ததும் நம் வீடுகளில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஊசியும் உருண்டையும்

அலிப்பூரில் இன்னொரு பழைய ஸ்தாபனம் உண்டு. ஜட்ஜஸ் கோர்ட் ரோட்டில், 1912-ல் ரயில்வேக்காகத் தொடங்கிய அரசு சோதனைக்கூடம். இன்று நேஷனல் டெஸ்ட் ஹவுஸ். தலைமையகம் சால்ட் லேக்குக்குப் போய்விட்டது, ஆனால் தொடங்கிய இடம் இதுதான். சிமெண்ட், இரும்பு, கட்டுமானப் பொருட்கள் எல்லாவற்றையும் சோதித்துச் சான்றிதழ் தரும் இடம்.

தாரை எப்படிச் சோதிப்பார்கள் தெரியுமா? கேட்டால் வேடிக்கையாக இருக்கும். 25 டிகிரி சூட்டில் இருக்கும் தாரின் மேல் 100 கிராம் பாரத்தோடு ஓர் ஊசியை 5 விநாடி நிறுத்துவார்கள். எவ்வளவு இறங்குகிறது என்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். 60-லிருந்து 70 வரை இறங்கினால் அது 60/70 தார். இன்னொரு சோதனையில் ஒரு வளையத்தில் தாரை ஊற்றி, மேலே சின்ன இரும்புக் குண்டை வைத்துச் சூடேற்றுவார்கள். குண்டு எந்தச் சூட்டில் தாரை அமுக்கிக்கொண்டு தொங்குகிறதோ அதுதான் அந்தத் தாரின் இளகும் நிலை.

இதில் ஒரு குறை. நம் ஊர் ரோடு எந்தக் காலத்தில் 25 டிகிரியில் இருந்தது? மே மாத மத்தியானம் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அதனால் 2006-ல் இந்தியத் தர நிர்ணயம் மாறியது. 60 டிகிரியில் தார் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளந்து விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40 என்று தரம் பிரித்தார்கள். எண் கூடினால் கெட்டி கூடும். வெயில் அதிகம், லாரி அதிகம் என்றால் பெரிய எண். கொட்டேஷனில் "பெஸ்ட் குவாலிட்டி பிட்டுமென்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த விஜி என்று கேளுங்கள். நான் கேட்டேன். மூன்று பேரில் ஒருவருக்குத்தான் பதில் தெரிந்திருந்தது.

பாலைவனமும் வண்டலும்

இப்போது குவைத்துக்கு வருவோம். தாருக்கு வெயில் இரண்டு விதமாகப் பகை. ஒன்று உடனடிப் பகை: சூட்டில் இளகும், லாரி போனால் சக்கரத் தடம் பள்ளமாகும். இன்னொன்று மெதுவான பகை: வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு, எண்ணெய்ப் பசை போய், கறுப்பு சாம்பல் நிறமாகி, காய்ந்த வடகம் போல நொறுங்கும். பாலைவனத்தில் இரண்டும் உச்சத்தில் இருக்கும். அதனால் வளைகுடா நாடுகளில் 76 டிகிரி வரை தாங்கும் என்று தரம் குறித்த, பாலிமர் கலந்த தாரைப் பெரிய ரோடுகளுக்குப் போடுகிறார்கள். தோஹாவில் 2019-ல் ஒரு தெருவுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் நீலப் பூச்சே பூசிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாதிரி இடங்களில் வீட்டு வாசல் தார்ப் பாதைக்கு சில வருடங்களுக்கு ஒருமுறை மேல்பூச்சு அடிப்பது, நாம் பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது மாதிரி ஒரு வழக்கம். (அங்கே இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பூச்சு கரித்தாரால் ஆனதா, பிட்டுமெனால் ஆனதா என்று டப்பாவில் பாருங்கள். வாசலில் தவழும் குழந்தை இருந்தால் அவசியம் பாருங்கள். டெக்சாஸில் ஆஸ்டின் நகரம் 2005-லேயே கரித்தார்ப் பூச்சுக்குத் தடை போட்டுவிட்டது.)

ஆனால் தாரின் பெரிய எதிரி வெயில் அல்ல, தண்ணீர். ஜல்லிக்குத் தாரை விடத் தண்ணீரைத்தான் அதிகம் பிடிக்கும். ஒரு சிறு விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் தேங்கினால், ஜல்லியில் ஒட்டியிருக்கும் தாரை மெல்ல உரித்துவிடும். மேலே பஸ் போகும்போது அந்தத் தண்ணீர் அழுத்தப்பட்டு, உள்ளேயே அடித்துக் கழுவும். மறுநாள் அங்கே பள்ளம். பாலைவனத்தில் ரோடு பிழைப்பதற்கு முக்கியக் காரணம் அங்கே மழை இல்லாததுதான். மழை வந்தால் என்ன ஆகும் என்று 2024 ஏப்ரல் 16-ம் தேதி துபாயில் இருந்தவர்களைக் கேளுங்கள். அலிப்பூர் 43 டிகிரி தொட்டது அதற்கு இரண்டே வாரம் கழித்து.

அலிப்பூருக்கு இரண்டும் உண்டு. ஏப்ரலில் பாலைவன வெயில், ஜூனிலிருந்து நான்கு மாதம் மழை. 2025 செப்டம்பர் 23-ம் தேதி, துர்கா பூஜைக்கு சில நாள் முன்பு, ஒரு ராத்திரியில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து நகரத்தில் பலர் இறந்துபோனார்கள். எங்கள் கட்டடத்தில் மாசிமா வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். அவருடைய ஒரே படிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. மாடியில் இருந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவருடைய புத்தகங்களையும் ஹார்மோனியத்தையும் கட்டில் மேல் ஏற்றினோம்.

மாஸ்டிக்

இந்த ஊர் தண்ணீருக்குக் கண்டுபிடித்த பதில் மாஸ்டிக் அஸ்பால்ட். நம் பக்கம் பாலங்களின் மேல் தவிர அதிகம் பார்க்க முடியாது, கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு உண்டு. சாதாரண தார்க் கலவையில் தார் சுமார் 5 சதவீதம்தான், ஜல்லிக்கு இடையில் சிறு காற்று இடைவெளி இருக்கும். மாஸ்டிக்கில் தார் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் கடினமான தார். அதோடு சுண்ணாம்புக்கல் பொடி, மணல், சின்ன ஜல்லி. 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்காகக் கிளறிக் காய்ச்ச வேண்டும். அல்வா கிண்டுவது போலத்தான், பக்குவம் தப்பினால் போச்சு. ஓரங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை பரப்புவார்கள். ரோலர் வேண்டாம். உள்ளே இடைவெளியே இல்லாததால் தண்ணீர் நுழைய வழியில்லை. வழுக்காமல் இருக்க, தார் தடவிய சின்ன ஜல்லிகளைச் சூடு ஆறுமுன் மேலே தூவி அழுத்திவிடுவார்கள்.

இதைச் செய்பவர்களை ஒருமுறை நின்று பாருங்கள். எங்கள் தெருவில் நடுராத்திரியில் வேலை நடந்தது. முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஆட்கள். காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கொதிக்கும் குழம்பை வாளியில் தூக்கி வந்து ஊற்ற, இன்னொருவர் மண்டியிட்டு உட்கார்ந்து மரக்கட்டையால் இழைக்கிறார். முகத்துக்கு நேரே புகை. 2011-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரோடு போடும்போதும் மாஸ்டிக் வேலையிலும் வரும் பிட்டுமென் புகையைப் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. மாநகராட்சியின் பாமர் பஜார், கோராகாச்சா தார்க்கலவை ஆலைகளின் புகை விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆலைப் புகைக்கு அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்டார்கள். சாக்குக் காலோடு மண்டியிட்டவருக்காக யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே மேலே

மாஸ்டிக் நல்ல பொருள்தான். ஆனால் அதையும் பழையதன் மேலேயேதான் போட்டார்கள். நூறு வருடப் பழக்கம் சும்மா போகுமா?

அலிப்பூரில் பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தெரியும். ரோட்டிலிருந்து கேட்டுக்குள் இறங்கிப் போகும் வீடுகள். ஜன்னல் அடிவிளிம்பு முழங்கால் உயரத்தில். கட்டியவர் அப்படியா கட்டியிருப்பார்? வீடு அங்கேயே இருக்கிறது, ரோடுதான் ஏறிவிட்டது.

ரோடு ஏறினால் வீட்டுக்குத் தண்ணீர் வரும். பாலம் ஏறினால்? 2018 செப்டம்பர் 4-ம் தேதி சாயங்காலம், அலிப்பூரை ஒட்டிய மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது. டயமண்ட் ஹார்பர் ரோட்டில், ரயில் பாதைக்கு மேல் போகும் அரை நூற்றாண்டுப் பாலம். மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் பாலத்தின் பக்கத்தில் தங்கி மெட்ரோ ரயில் வேலை செய்துகொண்டிருந்த கூலித் தொழிலாளர்களும் உண்டு. பராமரிப்பு இல்லை என்பது முதல் குற்றச்சாட்டு. கூடவே பேசப்பட்ட இன்னொரு காரணம்: பழையதைச் சுரண்டாமல் வருடா வருடம் தார் மேல் தார் போட்டதில் பாலத்தின் மேல் ஏறிய பாரம். பராமரிப்பு என்று நினைத்துச் செய்ததே சுமையாகிவிட்டது. புதுப் பாலம் 2020 டிசம்பர் 3-ம் தேதி திறந்தார்கள், பெயர் ஜெய்ஹிந்த் சேது. தினமும் அதன் மேல்தான் ஆபீஸ் போகிறேன்.

இது கொல்கத்தா வியாதி மட்டும் அல்ல என்று உங்களுக்கே தெரியும். நம் ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணையும் நான்கு படியும் வைத்துக் கட்டிய வீடு இன்று தெருவுக்குச் சமமாகவோ, அதற்குக் கீழேயோ இருக்கும். வாசலில் கோலம் போட்ட இடம் ரோட்டுக்கு அடியில். மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்கு வரும். நாம் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பித் தரையை உயர்த்துவோம், அடுத்த தேர்தலுக்கு முன் ரோடு இன்னும் கொஞ்சம் உயரும். 2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும், வீடுகளை விட ரோடு உயரக்கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். இந்த ஒரு கடிதத்தை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் ரோலர் வந்து நிற்கும் நாளில் காட்டிக் கேட்க உதவும்.

சுரண்டுவதால் இன்னொரு லாபம். எடுத்த பழைய தார்க் கலவை குப்பை அல்ல. சூடுபடுத்திப் புதியதோடு கலந்து மறுபடி போடலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் தூக்கி எறிந்த பிளாஸ்டிக்கையே ஜல்லி மேல் பூசி ரோடு போட்டுக் காட்டி, 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பிளாஸ்டிக்கையே ரோடாக்க முடிந்த ஊரில், பழைய ரோட்டை ரோடாக்க முடியாதா?

எங்கள் வாசலில்

சங்கக் கூட்டம் மூன்று வாரம் இழுத்தது. சுரண்டிப் போட்டால் செலவு கூடுதல், நாள் கூடுதல். இரண்டாம் மாடி தாதா ஒருவர், "தரைத்தளத்துக்காக எல்லோரும் ஏன் கூடுதலாகத் தர வேண்டும்" என்று வெளிப்படையாகவே கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, பென்ஷன்காரர். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இன்று சுரண்டாவிட்டால் அடுத்த முறை நான்கு அங்குலம் சுரண்ட வேண்டும், அல்லது கேட்டையும் மோட்டார் அறையையும் தூக்கிக் கட்ட வேண்டும். தண்ணீர் மாசிமா வீட்டோடு நிற்காது, மீட்டர் போர்டும் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. மீட்டர் போர்டு என்றதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. செப்டம்பர் யாருக்கும் மறக்கவில்லை.

தீர்மானம் இப்படி ஆனது. பழைய தாரை முழுக்கப் பெயர்த்து எடுப்பது. அடியில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு அடுக்குத் தார், அதன் கீழே பாக்கூர் ஜல்லி, அதன் கீழே சிவப்பாகக் கோயா. ஊர்ச் சரித்திரம் மொத்தமும் ஒன்றரை அடிக்குள். மாசிமா வந்து பார்த்துவிட்டு அந்தச் செங்கல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கல் அடுக்கைச் சரிசெய்து, மாசிமா வாசலில் இருந்து தெரு வடிகால் பக்கம் சரிவு வைத்து, மேலே விஜி-30 தார்க் கலவை. கார் திரும்பும் இடத்தில் மட்டும் மாஸ்டிக். இரண்டு பெரிய மரங்களைச் சுற்றி ஆளுயர விட்டத்துக்கு மண்ணாகவே விட்டுவிட்டோம். 2020 மே 20-ம் தேதி அம்பான் புயலில் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது, கழுத்து வரை சிமெண்டும் தாரும் போட்டு வேருக்கு மூச்சு விட இடம் கொடுக்காததைப் பற்றிப் பலர் எழுதினார்கள். எங்கள் மரங்கள் தப்பின, இனியும் தப்பட்டும்.

வீட்டு வாசலில் தார் போடப் போகிறவர்கள், ஊரில் பெற்றோர் வாசலில் போடச் சொல்லி போன் செய்யப் போகிறவர்கள், இவ்வளவு கேளுங்கள், போதும். பழையதை எடுக்கிறீர்களா? முடிந்த பிறகு தரை மட்டம் வாசல்படியை விட எவ்வளவு கீழே இருக்கும்? (பதிலை எழுத்தில் வாங்குங்கள்.) தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? எந்தத் தரத் தார்? விரிசல் வந்தால் மழைக்கு முன்பே யார் அடைப்பார்கள்? பாலைவன ஊரில் இருந்தால் கடைசிக் கேள்வியோடு மேல்பூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தார் போடுகிற ஆட்களுக்கு கையுறையும் பூட்ஸும் உண்டா என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், காண்டிராக்டர் சிரித்தார். அந்தச் செலவைச் சங்கமே ஏற்றுக்கொண்டது, கணக்கில் தனி வரியாக எழுதியிருக்கிறேன்.

மாசிமா வாசலில் இப்போது இரண்டு படி இருக்கிறது. மூன்றாவது மண்ணுக்குள் எங்கேயோ இருக்க வேண்டும், அதைத் தேடிப் போகவில்லை. ஜூனில் மழை வரட்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் ஊர் வீட்டில் எத்தனை படி மிச்சம்?